நான் எழுதாமல் விட்ட பெயர்

உலகக் கோப்பைக் கால்பந்து ஜெர்மனியில் நடந்து முடிந்த அடுத்த வருடம், கொலோனிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரத் தூரத்தில் இருந்த ஒரு ரக்பி கழகத்துக்கு நான் நிர்வாகியாக இருந்தேன். நிர்வாகி என்பது கடிதத்தாளில் இருந்த பதவி. அலுவலகம் மைதானத்தின் ஓரத்தில் வைத்த ஒரு கண்டெய்னர். அதற்குள் நானும் ஒரு ஹீட்டரும் பந்துகள் நிறைந்த இரண்டு வலைப்பைகளும். டிக்கெட் அச்சடிப்பது, வெளிநாட்டு வீரர்களுக்கு வீடு பார்ப்பது, நகரசபைக்கு அன்ட்ராக் என்கிற விண்ணப்பங்கள் எழுதுவது, பத்திரிகைக்காரர்களுக்குப் போன் எடுத்து எங்கள் விளையாட்டு அமெரிக்கக் கால்பந்து அல்ல என்று விளக்குவது, எல்லாம் என் வேலை.

நான் ரக்பி விளையாடியவள் இல்லை. ஒன்பது வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள். இங்கேதான் பள்ளிக்கூடம், பிறகு ஒரு விளம்பர நிறுவனத்தில் மூன்று வருட அவுஸ்பில்டுங், வேலை பழகும் படிப்பு. கழகத் தலைவர் ஓய்வுபெற்ற மின்பொறியாளர். நேர்முகத்தில் அவர் ஜெர்மன் மொழியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். கழகத்து ஆட்கள் பேசியதையெல்லாம் என் ஊர்த் தமிழிலேயே எழுதுகிறேன்.

"சனத்தை இஞ்ச கொண்டுவர உங்களால ஏலுமோ?"

ஏலும் என்றேன். நல்ல நாளில் இருநூறு பேர் வருவார்கள், மழை நாளில் வீரர்களின் மனைவிமாரும் அவர்களுடைய நாய்களும் மட்டும்தான் என்று எனக்கு அப்போது தெரியாது.

பக்கத்து மைதானத்துக் கால்பந்துக் கழகம் எங்கள் புல்லையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டிருந்தது. நகரசபையின் விளையாட்டுக் குழு கோடைக்கு முன் முடிவெடுக்க இருந்தது. குழுத் தலைவியான பெண்மணி என்னிடம் நேரடியாகவே சொன்னார்: ஆயிரம் பேர் வந்து பார்க்கிற விளையாட்டென்றால் நாங்கள் யோசிக்கலாம், இருநூறு பேருக்காக ஏலாது. அத்தோடு அந்தப் பருவத்தில் நாங்கள் தோற்றுக்கொண்டே வந்தோம். கடைசி ஆட்டத்தில் தோற்றால் முதல் பிரிவிலிருந்தும் இறங்கிவிடுவோம். ஆக, ஒரே ஒரு சனிக்கிழமை. ஆளும் வரவேண்டும், ஆட்டமும் வெல்லவேண்டும்.

பயிற்சியாளர் வேல்ஸ்காரர். ஐம்பது வயதிருக்கும், மூக்கு இரண்டு இடத்தில் வளைந்தவர். வேல்ஸில் ரக்பி என்றால் பதினைந்து பேர் விளையாடுவது. அவர் விளையாடியதோ பதின்மூன்று பேர் ஆடும் ரக்பி லீக். அந்த ஆட்டத்துக்கென்று அங்கே தொடங்கிய ஒரு தொழில்முறைக் கழகத்தில் கடைசிவரை இருந்திருக்கிறார். முதல் வாரமே கண்டெய்னருக்குள் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்து அதைச் சொன்னார்.

"ஊர் முழுக்க ரக்பிப் பைத்தியம். ஆனா எங்கட ரக்பியில இல்லை. பெரிய மைதானத்தில வெறுங்கதிரையளுக்கு முன்னால விளையாடினம். ஒருநாள் காலமை பயிற்சிக்குப் போனா கேற்றில பூட்டு."

அதன் பிறகு நான் எந்தத் திட்டத்தோடு போனாலும் அவர் கேட்பது ஒன்றுதான்: "எத்தினை பேர் வருவினம்?"

அணித்தலைவர் கூரை வேலைக்காரர். வாரத்தில் நான்கு நாள் ஓடு போடுவார், மீதி நேரம் எங்களுடையவர். ரக்பியில் இரண்டு பக்கமும் எட்டு எட்டுப் பேர் தோள் கோத்துக் குனிந்து ஒருவரையொருவர் முட்டித் தள்ளும் கட்டம் ஒன்று உண்டு, ஸ்க்ரம் என்பார்கள். அதில் முன்வரிசையில் நிற்பவர்களின் கழுத்தில்தான் முழுப் பாரமும் இறங்கும். இவர் பத்து வருடமாக அங்கே நின்றவர். இரண்டு காதுகளும் பிசைந்த மாவைப் போல உருமாறிப் போயிருந்தன. ஒருநாள் அவர் கண்டெய்னர் வாசலில் சேற்று முகத்தோடு நின்று எதற்கோ சிரித்தார். அந்தக் காதும் அந்தச் சிரிப்பும் சேர்ந்து எனக்கு ஒரு யோசனையைத் தந்தது.

அதே முகத்தை நெருக்கமாகப் படம் எடுத்து சுவரொட்டியாக்கினேன். அடியில் ஒரே வரி: சனிக்கிழமை மூன்று மணிக்கு இவரைத் தள்ளிப் பாருங்கள். ட்ராம் தரிப்பிடங்களில், நீச்சல் குளத்தில், பேக்கரிகளின் கடதாசிப் பைகளில் எல்லாம் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சந்தை நாளில் சதுக்கத்தில் அவரை நிறுத்தி, வருகிற போகிறவர்களைத் தள்ளிப் பார்க்கச் சொன்னேன். மீன் விற்பவர், தபால்காரப் பெண், இரண்டு பொலிஸ்காரர்கள் என்று ஆறு பேர் ஒன்றாகச் சேர்ந்து தள்ளினார்கள். அவர் அசையவில்லை. பத்திரிகை அதை முதல் பக்கத்தில் போட்டது.

தமிழ்க் கடையிலும் ஒரு சுவரொட்டி கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைக்கார அண்ணை அதை எட்டப்பிடித்துப் பார்த்தார்.

"பிள்ளை, உது ரக்பியெல்லோ?"

"ஓம் அண்ணை. உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியுமோவோ! கண்டியில படிக்கேக்க நான் விளையாடினனான். இஞ்ச வந்து இத்தினை வருசமா ஒருத்தரும் என்னட்டை இதைப்பற்றிக் கதைக்கேல்லை."

இரண்டு கண்ணாடியிலும் ஒட்டினார். "சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒரு மணிக்கு முடியும். ஒரு தாய் தகப்பனையும் நேரே வீட்டை போக விடமாட்டன். நீ பயப்பிடாதை."

ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமைப் பயிற்சியில் அது நடந்தது. நான் கண்டெய்னர் வாசலில் போனைக் காதில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். அணித்தலைவர் ஒருவரைக் கட்டிப்பிடித்து விழுத்தப் பாய்ந்தார். அந்த ஆளின் முழங்கால் இவருடைய நெற்றிப் பக்கத்தில் இடித்தது. விழுந்தார். ஒரு நிமிடம் போல அசையவில்லை. பிறகு எழுந்து உட்கார்ந்து சிரித்தார். பயிற்சியாளர் மூன்று விரலைக் காட்டினார். "மூண்டு" என்றார் இவர். எல்லாரும் கைதட்டினார்கள். எழுந்தவர் நடந்துபோய் எதிர்ப்பக்க வரிசையில் நின்றார். யாரோ அவரைத் தோளில் பிடித்துத் திருப்பிவிட்டார்கள். மைதானம் முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை உள்ளூர் வானொலியில் அவருக்கு நேரடிப் பேட்டி. என் காரில்தான் கூட்டிப் போனேன்.

"எங்கை போறம்?" என்றார்.

"ரேடியோவுக்கு."

"ஓ, ஓம்."

இரண்டு சந்தி தாண்டி சிவப்பு விளக்கில் நின்றபோது மறுபடி கேட்டார்: "எங்கை போறம்?"

அவர் எப்போதும் பகிடி விடுகிற ஆள். "கூரைக்கு" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

பேட்டி நன்றாகவே போனது. கூரையில் நின்றால் ஊர் முழுவதும் கண்ணில் படும், நாளைக்கு அந்த ஊர் முழுவதையும் மைதானத்தில் பார்க்க வேண்டும் என்று சொன்னார். அறிவிப்பாளர் சொக்கிப் போனார். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, இனி ஆயிரம் பேர் நிச்சயம் என்று நினைத்தேன். திரும்பி வந்து காரில் ஏறி பெல்ட்டைப் போட்டேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ரேடியோவில எத்தினை மணிக்குப் பேட்டி? பிந்தப் போறம்."

சாவி என் கையில் அப்படியே நின்றது.

"முடிஞ்சுது. இப்பதானே கதைச்சனீ."

அவர் என் முகத்தைப் பார்த்தார். அதில் எதையோ தேடினார். பிறகு, "பகிடிக்குக் கேட்டனான்" என்றார். அது பகிடி இல்லை என்று எங்கள் இருவருக்குமே தெரிந்தது.

அவரை வீட்டில் இறக்கிவிட்டு வந்து கழக மருத்துவருக்குப் போன் எடுத்தேன். திங்கட்கிழமை வரை விடுமுறை என்று பதிவு செய்த குரல் சொன்னது. போனை வைத்தபோது எனக்கு ஒரு ஆறுதல் வந்தது. முயற்சி செய்தேன், ஆள் இல்லை, என்ன செய்வது? அன்று முழுவதும் நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஊர் முழுக்க ஒட்டியிருந்தது அவருடைய முகம். களைப்பாக இருந்திருப்பார், பேட்டிக்குப் பயந்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பலூன்களுக்கும் குடிபான வண்டிக்கும் போன் எடுத்தேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்த வெள்ளிக்கிழமையை நினைத்தால் எனக்குக் கூசுகிறது.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு அவருடைய மனைவி கண்டெய்னருக்கு வந்தார். குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்பவர், அதிகம் கதைக்காதவர். கதவைச் சாத்திவிட்டு நின்றபடியே சொன்னார்.

"வியாழக்கிழமை அவருக்கு வீட்டுக்கு வழி தெரியேல்லை. பெற்றோல் அடிக்கிற இடத்தில நிண்டு போன் எடுத்தவர். எட்டு வருசமா அதே வீடு. வெளிச்சம் பட்டா கண்ணைப் பொத்துறார். திங்கக்கிழமை மூண்டு மாடிக் கூரையில வேலை. இண்டைக்கு இது."

"பயிற்சியாளருக்குச் சொன்னனீங்களோ?"

"ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் வாங்கினவர். நான் இஞ்ச வந்ததே தெரியக்கூடாது. சொன்னீங்களெண்டால் நான் இல்லையெண்டுதான் சொல்லுவன்."

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவர் போனதும் நான் பயிற்சியாளரைத் தேடிப் போனேன். கழகத் தலைவரும் அவரோடு உடைமாற்றும் அறைக்கு வெளியே நின்றார். மனைவி வந்ததைச் சொல்ல முடியாது. வானொலியில் நடந்ததை மட்டும் சொன்னேன். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார், முடிந்த பேட்டியை இனித்தான் என்று நினைத்தார் என்றேன்.

"மனிசன் பதட்டத்தில இருந்திருப்பான்," என்றார் பயிற்சியாளர். "காலமை பாத்தனான். நல்லா இருக்கிறான்."

"விரல் காட்டிக் கேட்டா காணாது."

தலைவர் குறுக்கிட்டார். "ஒரு டொக்டர் சொன்னவரோ?"

"டொக்டர் லீவில."

"அப்ப நீங்கள் டொக்டரோ?"

பயிற்சியாளர் என் தோளில் கை வைத்தார். கோபமாக இல்லை, கெஞ்சுவது போலத்தான் இருந்தது. "இண்டைக்கு இதை நீ எனக்குச் செய்யாதை. நீ கதிரையளைப் பார். புல்லை நான் பாக்கிறன்."

ஆனால் ஒரு தாள் என்னிடம் இருந்தது. ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரத்துக்கு முன் வீரர் பட்டியலை எழுதி, கையெழுத்திட்டு, நடுவரிடம் கொடுப்பது நிர்வாகியின் வேலை. கொடுத்த பிறகு ஒரு பெயரையும் அதில் சேர்க்க முடியாது. ஒவ்வொரு வாரமும் யோசிக்காமல் நிரப்புகிற படிவம். அன்று கண்டெய்னருக்குள் அதை முன்னால் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வெளியே சனம் வர ஆரம்பித்திருந்தது. ட்ராமிலிருந்து இறங்கி வரும் சத்தம், பிள்ளைகளின் சத்தம். நான் பத்து மாதமாகக் கேட்க ஆசைப்பட்ட சத்தம்.

எழுதாவிட்டால் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். எழுதினால் என்ன நடக்கும் என்றுதான் தெரியாது. ஒன்றும் நடக்காமலும் போகலாம். அந்தப் பெரிய தலை ஸ்க்ரமுக்குள் குனிந்து இறங்குவதை நினைத்தேன். முதலாம் இலக்கத்துக்கு நேரே, அவருக்கு மாற்றாக இருந்தவரின் பெயரை எழுதினேன். வங்கியில் வேலை செய்பவர், நல்ல மனிதர், மெல்லிய கழுத்து. மற்றப் பெயர்களை எழுதிக் கையெழுத்திட்டு, யாரும் மறிப்பதற்குள் வேகமாக நடந்துபோய் நடுவர் கையில் கொடுத்தேன்.

நடுவர் பட்டியலைப் பார்த்தார், பிறகு சுவரில் இருந்த சுவரொட்டியைப் பார்த்தார். "இவர் விளையாடேல்லையோ?"

"இல்லை. தலையில அடி."

அவர் தலையாட்டிவிட்டுத் தாளைக் கோப்புக்குள் வைத்தார். அவ்வளவுதான். அவருக்கு அது ஒரு தாள்.

உடைமாற்றும் அறை வாசலில் வைத்துப் பட்டியலின் பிரதியைப் பயிற்சியாளரிடம் நீட்டினேன். அவர் இரண்டு முறை வாசித்தார். முகம் சிவந்து, பிறகு வெளுத்தது.

"வேல்ஸில எங்களைச் சாக்காட்டினது வெறுங்கதிரையள்," என்றார் மெதுவாக. "இஞ்ச கதிரை நிறைஞ்சு கிடக்கு. நீ சாக்காட்டுறாய்."

அணித்தலைவர் அவருக்குப் பின்னால் வந்து நின்றார். சட்டை போட்டு, சப்பாத்துக் கட்டி, தலையைச் சுற்றிப் பட்டியும் ஒட்டியாகிவிட்டது. தாளைக் கையில் வாங்கினார்.

"என்ர பேர் எங்கை?"

"நான் எழுதேல்லை."

"எழுது."

"இனி ஏலாது."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. அவ்வளவு அருகில் நின்றபோதுதான், வெயிலே இல்லாத அந்த நடைவழியிலும் அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பதைக் கவனித்தேன். முதலாம் இலக்கச் சட்டையைக் கழற்றினார். உள்ளே போய் வங்கிக்காரரின் மடியில் அதை வைத்துவிட்டு, மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு மைதானத்தின் கயிற்றோரமாகப் போய் நின்றார்.

ஆயிரத்துக்கு மேல் வந்திருந்தார்கள். விளையாட்டுக் குழுத் தலைவியும் குடையோடு வந்திருந்தார். ஒலிபெருக்கியில் பெயர்கள் வாசிக்கப்பட்டபோது, கூட்டம் அவருடைய பெயருக்காகக் காத்திருந்தது. வராதபோது ஒரு முனகல் எழுந்தது. பேக்கரிப் பையைத் தூக்கிக் காட்டி, "இந்த ஆள் எங்கே?" என்று கத்தினார்கள். நான் ஒவ்வொரு படியாக ஏறி இறங்கி மன்னிப்புக் கேட்டேன்.

கடைக்கார அண்ணை சொன்னபடி தமிழ்ப் பள்ளிக்கூடத்தை அப்படியே கூட்டி வந்திருந்தார். நடுவில் எழும்பி நின்று எல்லாருக்கும் விதிகளை உரத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். முதல் ஸ்க்ரமில் பிள்ளைகள் "தள்ளு! தள்ளு!" என்று கத்த, முன்னால் இருந்த ஜெர்மன்காரர்களும் என்ன ஏதென்று தெரியாமல் "தள்ளு!" என்று சேர்ந்து கத்தினார்கள். இடைவேளை வரை நாங்கள்தான் முன்னுக்கு நின்றோம். ஒரு அரைமணி நேரம், எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பினேன்.

இரண்டாம் பாதியில் வங்கிக்காரரின் கழுத்து தாங்கவில்லை. ஸ்க்ரம் ஒருமுறை சரிந்தது, மறுமுறை பின்னால் போனது, மூன்றாவது முறை உடைந்தது. எதிரணி அதற்குள்ளாலேயே புள்ளிகளை எடுத்தது. வங்கிக்காரர் முகமெல்லாம் சேறும் இரத்தமுமாக ஒவ்வொரு முறையும் எழுந்து கயிற்றோரம் நின்றவரைப் பார்த்தார். அணித்தலைவர் அங்கிருந்தபடியே "கீழ! இன்னும் கீழ!" என்று கத்திக்கொண்டிருந்தார், தலையை ஒரு கையால் பிடித்தபடி. தோல்வி உறுதியாகி, முடிவு விசிலுக்கு முன்பே படிகள் பாதி காலியாகிவிட்டன.

வெளியே போகும் வழியில் அண்ணை நின்றார்.

"ஸ்க்ரம் உடைஞ்சு போச்சு பிள்ளை. முன்வரிசையில ஆள் இல்லை. ஏன் அவரை விடேல்லை?"

"தலையில அடி அண்ணை. நான்தான் விடேல்லை."

"அப்ப சரி," என்றார். பிறகு, "ஆனா உவையள் உன்னை விடமாட்டினம்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அணித்தலைவரை அவருடைய மனைவி மருத்துவமனைக்குக் கூட்டிப் போயிருக்கிறார். படம் எடுத்துப் பார்த்ததில் ஒன்றும் தெரியவில்லை. தலை அதிர்ந்திருக்கிறது, ஒரு கிழமை ஓய்வு என்று கடிதம் கொடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை கழகத் தலைவர் அந்தக் கடிதத்தின் பிரதியை என் மேசையில் வைத்தார்.

"ஒரு கிழமை ஓய்வு. இதுக்காக நீங்கள் எங்களை இறக்கினீங்கள்."

அணித்தலைவரின் மனைவி சொன்னதை வெளியே விடமாட்டேன் என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன். அந்த மாத முடிவோடு வேலை போனது. பிரிவு இறங்கிய கழகத்தைப் பார்க்க இனி ஆயிரம் பேர் வரமாட்டார்கள் என்று, கோடையில் நகரசபை புல்லைக் கால்பந்துக் கழகத்துக்குக் கொடுத்தது. சம்பளம் வாங்கிய வீரர்கள் வேறு வேறு நாடுகளுக்குப் போனார்கள். அதற்கு முன்பே, என் கடைசி நாளில், ஊர் திரும்பவிருந்த பயிற்சியாளர் கண்டெய்னருக்கு வந்து கை நீட்டினார். "ஆயிரத்துக்கு மேல வந்தவை," என்றார். பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அது பாராட்டா குற்றச்சாட்டா என்று இன்றுவரை தெரியவில்லை.

ஓகஸ்ட் மாதம் ஒரு பின்னேரம் அணித்தலைவர் என் வீட்டு மணியை அடித்தார். வேறொரு சிறிய கழகத்தில் சேர, பழைய கழகத்தின் விடுவிப்புக் கடிதம் வேண்டும். ரக்பிச் சங்கத்தின் கோப்பில் அந்தக் கழகத்துக்குப் பொறுப்பாளராக இன்னும் என் பெயர்தான் இருந்தது. மருத்துவரின் சான்றிதழையும் கொண்டு வந்திருந்தார். இரண்டு மாதம் கூரைக்கு ஏறவில்லை, இப்போது தலையிடி இல்லை என்றார். நான் சான்றிதழை முழுவதும் வாசித்தேன். அவர் பொறுமையாக நின்றார்.

"நான் விளையாடியிருந்தா வெண்டிருப்பம்," என்றார்.

"வெண்டிருக்கலாம்."

"உனக்கு நன்றி சொல்ல நான் வரேல்லை."

"தெரியும்."

கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அவர் அதை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். "என்ர மனிசி உன்னட்டை வந்தவளோ?"

"இல்லை. ரேடியோவுக்குப் போகேக்க நானே பாத்தனான்."

அவர் கடிதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்தார். நம்பினாரா என்று தெரியவில்லை. படியில் இறங்கிப் போனார். மனைவி சில வருடங்களுக்குப் பிறகு தானே அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டாராம். அதைக் கேள்விப்பட்ட பிறகுதான் இதை எழுதத் துணிந்தேன்.

அந்த வருட இலையுதிர் காலத்தில் ஒருமுறை, யாருக்கும் சொல்லாமல், அவருடைய புதிய கழகத்தின் ஆட்டத்துக்குப் போனேன். ஐம்பது பேர் இருந்திருப்பார்கள். முதல் ஸ்க்ரமுக்கு இரண்டு வரிசையும் குனிந்தன. அவர் முன்வரிசையில், அதே இடத்தில். எனக்குப் பார்க்க முடியவில்லை. காருக்குத் திரும்பி வந்து, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, ஆட்டம் முடிந்து ஆட்கள் பேசிக்கொண்டு வெளியே வரும்வரை அங்கேயே இருந்தேன். அவர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு யாருடனோ சிரித்துக் கதைத்தபடி நேராக நடந்து வந்து, தன் காரைச் சரியாகக் கண்டுபிடித்து ஏறினார். அதன் பிறகுதான் நான் என் காரைக் கிளப்பினேன்.